ஒரு வாரம் லீவு: மண்பாண்ட கேம்ப்பா, யோகா ஆசிரமமா?

லெட்ஜர்ராணி

வணக்கம் மக்களே. இங்க படிச்சிட்டு சத்தமில்லாம போயிடற ஆள் நான், இன்னைக்கு எனக்கே ஒரு பஞ்சாயத்து.

சென்னைல ஒரு தனியார் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். செப்டம்பர்ல டாக்ஸ் ஆடிட், அக்டோபர் கடைசில ரிட்டர்ன், அதுக்கப்புறம் ஒரு வாரம் லீவு எடுத்துக்கங்கன்னு மேனேஜர் தன் வாயால சொல்லிட்டார், அவர் பேச்சு மாறறதுக்குள்ள புக் பண்ணிடணும். நவம்பர் நடுவுல. நான் மட்டும் தனியா, புருஷனும் பிள்ளைங்களும் வீட்ல.

ரெண்டு இடம் மனசுல ஓடுது. ஒண்ணு பாண்டி பக்கம் அஞ்சு நாள் மண்பாண்டம் கத்துத்தர்ற கேம்ப், வீல்ல கை வச்சு பானை கிண்ணமெல்லாம் பண்றது. இன்னொண்ணு மதுரை நத்தம் ரோட்டுல இருக்கற சிவானந்தா ஆசிரமம், அங்க யோகா வெகேஷன் இருக்கு.

என் நிலைமை சொல்லிடறேன். மானிட்டர் பாத்து பாத்து கழுத்து வலி, தூக்கம் சரியில்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வந்தா டாலி ஆகாத ஏதோ ஒரு என்ட்ரி ஞாபகம் வந்து நிக்குது. யோகா பழக்கம் கிடையாது. ஸ்கூல்ல நல்லா படம் வரைவேன், பத்தாவதோட அதெல்லாம் மூட்டை கட்டியாச்சு.

இதுல கூத்து என்னன்னா, யோகான்னா வீட்ல யாரும் ஒரு கேள்வி கேக்கல, உடம்புக்கு நல்லது போயிட்டு வாம்மான்னு சொல்லிட்டாங்க. பானை செய்யறது கத்துக்கப் போறேன்னு சொன்னதுக்கு மாமியார் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு "அதான் கடைல கிடைக்குதே"ங்கறாங்க. போனவங்க யாராவது சொல்லுங்க, எது எனக்கு சரிப்படும்?

வெட்டிப்பையன்

கோவா போங்க மேடம், ரெண்டும் கிடைக்கும். மூணாவதும் கிடைக்கும்.

நத்தம்ரோடு

தம்பி, அந்தக்கா சீரியஸா கேக்கறாங்க.

லெட்ஜர்ராணி, நானும் வீட்டம்மாவும் அந்த மதுரை ஆசிரமத்துக்குப் போய் தங்கினவங்க. அங்க ஒரு நாள் எப்படி இருக்கும்னு சொல்லிடறேன், அதுலயே பாதி முடிவு தெரிஞ்சிடும். காலைல அஞ்சரைக்கு முன்னாடியே மணி அடிச்சிடுவாங்க. ஆறு மணிக்கு சத்சங்கம், அரை மணி நேரம் கண்ண மூடி உக்காரணும், அப்புறம் பஜனை, ஒரு சின்னப் பேச்சு. டீ. எட்டு மணிக்கு ஆசன கிளாஸ். பத்து மணிக்குதான் முதல் சாப்பாடு, தரைல உக்காந்து, பேசாம. அப்புறம் கர்ம யோகம்னு ஒரு வேலை குடுப்பாங்க, காய் நறுக்கறது, ஹால் பெருக்கறது, பாத்திரம் தேய்க்கறதுன்னு. மத்தியானம் லெக்சர், திரும்ப ஒரு ஆசன கிளாஸ், ஆறு மணிக்கு ராத்திரி சாப்பாடு, எட்டு மணிக்கு இன்னொரு சத்சங்கம், பத்தரைக்கு லைட் ஆஃப். கிளாஸ், சத்சங்கம் எதுக்கும் மட்டம் போட முடியாது. வெங்காயம் பூண்டு கிடையாது, காபி கிடையாது.

அந்த காபி விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க. நீங்க ஆபீஸ்ல நாளைக்கு நாலு டம்ளர் அடிக்கற ஆளா இருந்தா ரெண்டாவது நாள் தலை பிளக்கும், யோகாவால வந்த தலைவலின்னு நினைச்சுக்கிட்டு பெட்டி கட்டி கிளம்பின ஒருத்தரை நானே பாத்தேன். போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே ஒவ்வொரு டம்ளரா குறைங்க.

ஆனா ஒண்ணு சொல்றேன், அங்க இருக்கற வரைக்கும் என்ன சமைக்கலாம், எப்ப கிளம்பலாம், யாருக்கு போன் பண்ணணும், எதுவுமே நம்ம யோசிக்க வேண்டியதில்ல. மணி அடிச்சா எழுந்து போறோம், அவ்வளவுதான். என் வீட்டம்மா அதைத்தான் இன்னைக்கும் சொல்லுவா, "எவனோ ஒருத்தன் எனக்காக சமைச்சு வச்சு, மணி அடிச்சு கூப்பிட்டான்"னு.

களிமண்கை

நான் எதிர்க்கட்சி. பாட்டரி, அதான் மண்பாண்டம், கத்துக்கிட்டு இப்ப வாரக்கடைசில ஒரு ஸ்டூடியோல உதவிக்குப் போறேன், அதனால என் பேச்சுல கொஞ்சம் பாசம் இருக்கும், கழிச்சுக்கிட்டு படிங்க.

முதல்ல பாண்டி ஏன்னு சொல்லிடறேன். ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971ல அங்க கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி ஆரம்பிச்சாங்க, அவங்ககிட்ட கத்துக்கிட்டவங்க பாண்டி, ஆரோவில் சுத்துவட்டாரத்துலயே தனித்தனியா ஸ்டூடியோ போட்டாங்க. அதனாலதான் அந்த ஏரியால மூணு தெருவுக்கு ஒரு சூளை. சொல்லித்தர ஆள் நிறைய, தரமும் மத்த ஊரை விட மேல.

இப்ப வேலைக்கு வருவோம். முதல் நாள் வீலே தரமாட்டாங்க, மண்ணு பிசையணும், உள்ள காத்து இல்லாம ஆகற வரைக்கும் பிசைஞ்சுக்கிட்டே இருக்கணும், தோள்பட்டை கழண்டுடும். அப்புறம் சென்டரிங். மண்ணு உருண்டையை வீல் நடுவுல அறைஞ்சு, வீலை ஓடவிட்டு, முழங்கையை தொடைல அழுத்தி ஊன்றிக்கிட்டு ரெண்டு கையாலயும் அமுக்கி மண்ணு ஆடாம நிக்க வைக்கணும். கேக்க ஈஸி. ஒரு பக்கம் அழுத்தம் கூடிட்டா மண்ணு கையைத் தள்ளிக்கிட்டு ஆட ஆரம்பிச்சிடும், தண்ணி அதிகமாயிட்டா சறுக்கும், கம்மியாயிட்டா பிடிச்சு இழுக்கும். பெரிய கம்பெனில டைரக்டரா இருக்கற ஆளுங்க எல்லாம் ரெண்டு நாள் இதுலயே மாட்டிக்கிட்டு மூஞ்சி சுண்டிப் போய் உக்காந்திருப்பாங்க. அந்த நேரத்துல உங்க மண்டைல எந்த என்ட்ரியும் வராது, ஏன்னா வந்த செகண்டே மண்ணு ஆடிடும். நகம் ஒட்ட வெட்டிட்டுப் போங்க.

நீங்க கேக்காத ஒண்ணு சொல்றேன், அதுதான் முக்கியம். நவம்பர் நடுவுலங்கறீங்க. பாண்டில அப்ப வடகிழக்கு பருவமழை கொட்டிக்கிட்டு இருக்கும். பண்ணின கிண்ணம் முதல்ல கொஞ்சம் இறுகணும், அப்பதான் திருப்பிப் போட்டு அடிப்பக்கம் சீவ முடியும், அப்புறம் முழுசா காயணும், அப்பதான் சூளை. மழைல காயறது இழுத்துக்கிட்டே போகும். ஈரத்தோட சூளைல வச்சா உள்ள இருக்கற தண்ணி ஆவியாகி பாத்திரம் வெடிக்கும், பக்கத்துல இருக்கறவன் பாத்திரத்தையும் சேத்து உடைக்கும். அதனால நவம்பர்ல போனா வீல் பழகலாம், ஆனா கைல எதுவும் வராம திரும்புவீங்க. சாதாரண நாள்லயே அஞ்சு நாள்ல பொருள் கைக்கு வராது. முதல் சுடுதல் ஆயிரம் டிகிரி பக்கம், அப்புறம் கிளேஸ்னு கண்ணாடி மாதிரி பளபளப்பு தர்ற பூச்சு பூசி, ஸ்டோன்வேர்னு சொல்ற கெட்டியான பாத்திரம்னா 1250க்கு மேல இன்னொரு தடவை, சூளை நிறையற வரைக்கும் அவங்க காத்திருப்பாங்க. வாரக்கணக்குல கழிச்சு கூரியர்ல வரும், இல்ல நீங்களே போய் எடுத்துக்கணும்.

சும்மாகேட்டேன்

ஒரு சந்தேகம், கோவிச்சுக்காதீங்க. யோகா யூடியூப்ல ஃப்ரீயா இருக்கு, கார்ப்பரேஷன் பார்க்ல பெரியவங்க காலைல கும்பலா பண்றாங்க, காசு கிடையாது. மண்பாண்டம்னா நம்ம ஊர்ல வேளார் வீடு இல்லாத ஊரே இல்ல, அய்யனாருக்கு குதிரை செய்யறவங்க. இதையெல்லாம் விட்டுட்டு ரிட்ரீட்னு பேர் வச்ச உடனே இருபதாயிரம் எடுத்து நீட்டறோம். ஏன்?

நத்தம்ரோடு

யூடியூப் பாத்து யோகா பண்ற பத்து பேர்ல எத்தனை பேர் கடைசில படுத்து ஓய்வெடுக்கற சவாசனம் வரைக்கும் போறாங்க? நடுவுல காலிங் பெல், குக்கர் விசில். வீட்ட விட்டு வெளிய போறதுக்குத்தான் காசு.

களிமண்கை

சும்மாகேட்டேன் கேட்டதுல பாதி நியாயம். பாண்டி பக்கத்துலயே வில்லியனூர் டெரகோட்டா இருக்கு, புவிசார் குறியீடு வாங்கினது, அந்த வேலைக்காக வி.கே. முனுசாமிக்கு 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. அங்கயும் போய் பாக்கணும், முடிஞ்சா ஏதாவது வாங்கணும். ஆனா பொழப்புக்கு வேலை பாக்கற வேளார் வீட்ல போய் உக்காந்து ஒரு வாரம் எனக்கு கத்துக்குடுங்கன்னு சொன்னா அவங்க பொழப்பு கெடும்ல. ஃபீஸ் வாங்கிக்கிட்டு சொல்லித்தர்ற இடம்னா நம்ம நூறு தடவை மண்ணை கெடுத்தாலும் கூச்சமில்லாம உக்காந்திருக்கலாம்.

மருமகள்எண்2

நான் அந்த மாமியார் விஷயத்துக்கு வர்றேன், யாரும் தொடலியே. இது என் வீட்லயும் இருக்கு. நான் வாரத்துல மூணு நாள் யோகா கிளாஸ் போறேன், ஒருத்தரும் ஒண்ணும் சொல்றதில்ல, சொந்தக்காரங்ககிட்ட பெருமையா வேற சொல்றாங்க. அதே நான் வாட்டர்கலர் கிளாஸ் சேர்ந்தப்போ "பிள்ளைக்கா?"ன்னு கேட்டாங்க. எனக்குன்னதும் ஒரு அமைதி. யோகா பண்ணினா இடுப்பு வலி போய் வீட்டு வேலை நல்லா பாப்பா, படம் வரைஞ்சா யாருக்கு என்ன லாபம்? கணக்கு அதான்.

அதனால சொல்றேன் அக்கா, வீட்ல ஈஸியா ஒத்துக்கறாங்கங்கற ஒரே காரணத்துக்காக யோகா பக்கம் சாயாதீங்க. உங்க போஸ்ட்ல யோகாவைப் பத்தி ஒரு வரி, பானையைப் பத்தியும் படத்தைப் பத்தியும் நாலு வரி.

வெட்டிப்பையன்

யோகான்னு சொல்லிட்டு பானை செய்யப் போயிடுங்க. கை விரிசல் விட்டிருந்தா முத்திரை பண்ணினேன்னு சொல்லிக்கலாம்.

லெட்ஜர்ராணி

வெட்டிப்பையன் 😂 கூரியர்ல பெட்டி வந்து இறங்கும்போது மாட்டிப்பேனே.

மருமகள்எண்2, எண்ணியே பாத்துட்டீங்களா, நல்லவேளை நீங்க எங்க ஆபீஸ்க்கு ஆடிட்டரா வரல. நத்தம்ரோடு அண்ணா சொன்ன "யோசிக்க வேண்டியதில்ல" அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு, அதே நேரம் களிமண்கை சொன்ன மண்ணு ஆடறதும். கழுத்துக்கு எது தேவலைன்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்.

பிசியோதிருச்சி

நான் பிசியோதெரபிஸ்ட். நேர்ல பாக்காம ட்ரீட்மெண்ட் சொல்லமாட்டேன், பொதுவா சொல்றேன்.

எல்லாரும் கழுத்து வலின்னா யோகா, மண்ணு பிசைஞ்சா வலி கூடும்னு நினைக்கறீங்க, அவ்வளவு நேரா இல்ல விஷயம். சிவானந்தா முறைல பிராணாயாமம், சூரிய நமஸ்காரம் முடிஞ்சதும் பன்னிரண்டு ஆசனம் வரிசையா வரும், அதுல முதல் மூணு சிரசாசனம் (தலைகீழா நிக்கறது), சர்வாங்காசனம் (தோள்ல நிக்கறது), ஹலாசனம் (படுத்து காலை தலைக்குப் பின்னாடி கொண்டு போறது). மூணுமே கழுத்துக்கு சுமை குடுக்கறது. புது ஆளை உடனே தலைகீழா நிக்க சொல்லமாட்டாங்க, படிப்படியாதான், ஆனா சர்வாங்காசனமும் ஹலாசனமும் ஆரம்பத்துலயே வரும். மானிட்டர் பாத்து முன்னாடி தள்ளியிருக்கற கழுத்தை இன்னும் மடக்கி அதுமேல உடம்பு வெயிட்டை வைக்கறது உங்களுக்கு தேவையா? கை மரத்துப் போறது, விரல் குடைச்சல் ஏதாவது இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, இல்லாட்டியும் கிளாஸ் முதல் நாளே டீச்சர்கிட்ட சொல்லி மாத்து ஆசனம் கேளுங்க. பிபி இருந்தா கபாலபாதி, அதான் வேகமா மூச்சை வெளிய தள்ளற பயிற்சி, வேண்டாம். கண்ணுல க்ளாக்கோமா இருந்தா தலைகீழ் ஆசனம் எதுவுமே வேண்டாம்.

பாட்டரி பக்கமும் சொல்றேன். சின்ன ஸ்டூல்ல குனிஞ்சு, தலையைத் தொங்கப் போட்டு மணிக்கணக்கா வீலைப் பாத்துக்கிட்டு இருக்கறது மானிட்டரை விட மோசம். ஆனா வீல்ல மட்டும்தான் பாட்டரின்னு இல்ல. மேசைல வச்சு கையாலயே தகடு தட்டி, கயிறு திரிச்சு அடுக்கி பண்ற முறை இருக்கு, அதை நின்னுக்கிட்டே பண்ணலாம், கழுத்துக்கு தொல்லை கம்மி.

ஆராய்ச்சின்னு கேட்டா, நாள்பட்ட கீழ் முதுகு வலிக்கு மருந்துக்கு முன்னாடி பாக்க வேண்டியதுல ஒண்ணா யோகாவை அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2017 வழிகாட்டுதல்ல சேத்திருக்காங்க. அது முதுகுக்கு. கலை பக்கம், ட்ரெக்சல் யூனிவர்சிட்டில 2016ல வெளியிட்ட ஒரு ஆய்வு, 39 பேரை 45 நிமிஷம் களிமண்ணு, பேப்பர், மார்க்கர்னு விட்டு எச்சில்ல கார்டிசால்ங்கற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் பாத்தாங்க, முக்கால்வாசிப் பேருக்கு குறைஞ்சிருந்துச்சு, முன்னாடி படம் வரைஞ்ச பழக்கம் இருக்கா இல்லையாங்கறது பெரிசா வித்தியாசம் பண்ணல. சின்ன ஆய்வு, ஒப்பிட்டுப் பாக்க வேற குழு கிடையாது, அதனால அதை வச்சு சத்தியம் பண்ணாதீங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சு எது மேலன்னு சொல்ற அளவுக்கு இதுல ஒண்ணுமில்ல.

அமைதிவிரும்பி

இதுக்கு ரெண்டுக்கும் பதிலா விபாசனா தியான கோர்ஸ் போங்க. சென்னைலயே திருமுடிவாக்கத்துல தம்ம சேது சென்டர் இருக்கு, பத்து நாள், காசே வாங்கமாட்டாங்க, முடிச்சவங்க விருப்பப்பட்டா நன்கொடை குடுக்கலாம். வாழ்க்கையே மாறிடும்.

நத்தம்ரோடு

நல்ல இடம்தான் தம்பி, குறை சொல்லல. ஆனா அவங்களுக்கு லீவு ஒரு வாரம், கோர்ஸ் பத்து நாள், காலைல நாலு மணிக்கு எழுப்பி நாள் பூரா உக்காரணும், யாரோடயும் பேசக்கூடாது, படிக்க எழுதக்கூடாது, அங்க யோகா ஆசனம் கூட பண்ணவிடமாட்டாங்க. ஏற்கனவே ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு மண்டைக்குள்ள ஓட்டிக்கிட்டு இருக்கறவங்களை முதல் தடவையே அங்க அனுப்ப நான் சொல்லமாட்டேன்.

கூத்தாடிமகன்

மூணாவது வழி ஒண்ணு சொல்லவா. ஆரோவில் பக்கத்துல ஆதிசக்தின்னு ஒரு நாடகக்குழு இடம், வீணாபாணி சாவ்லா 1981ல மும்பைல ஆரம்பிச்சது, தொண்ணூறுகள்ல இங்க வந்துச்சு. அவங்க நடத்தற ஒர்க்‌ஷாப்ல மூச்சுதான் பாடம். கேரளா நாடகமான கூடியாட்டத்துல இருந்து கண் பயிற்சி, களரி சண்டைக்கலைல இருந்து உடம்பு, மிழாவு மேளத்தோட தாளம், எந்த உணர்ச்சிக்கு மூச்சு எப்படி போகும்னு உடம்பாலயே கண்டுபிடிக்க வைப்பாங்க. யோகாவும் கலையும் வேற வேற கட்சின்னு நீங்க எல்லாரும் அடிச்சுக்கறீங்க, அங்க போனா அந்தக் கோடே இருக்காது. நடிகர் இல்லாத ஆளுங்களும் வருவாங்க. ஆனா உடம்பு உழைக்கும், சொகுசு எதிர்பாக்காதீங்க, கழுத்து வலியோட கண்டிப்பா போகாதீங்க, பிசியோ சார் என்னை அடிப்பார்.

பிசியோதிருச்சி

சார் இல்ல, மேடம். ஆமா அடிப்பேன்.

கருப்பூர்பேத்தி

மழைன்னா மண்ணுக்கு பிரச்சனைன்னு பேசறீங்க, துணி பக்கம் யாருமே வரலியே? கலம்காரி, துணில இயற்கைச் சாயத்தால படம் எழுதறது. எங்க பாட்டி ஊர்க்காரங்க கோயிலுக்கு தொம்பை (உருளையா தொங்கவிடற துணி), பந்தல் துணி எழுதினவங்க, கருப்பூர் கலம்காரிக்கு இப்ப புவிசார் குறியீடு இருக்கு. காளஹஸ்தி முறைல பேனாவால எழுதறதை கத்துத்தர்ற ஒர்க்‌ஷாப் நிறைய ஊர்ல நடக்குது, முட்டுக்காட்டு மியூசியமான தக்‌ஷிணசித்ராலயும் கைவினை ஒர்க்‌ஷாப் அடிக்கடி வைப்பாங்க, சென்னை ஆளுக்கு வீட்ல இருந்தே போயிட்டு வரலாம்.

துணியை கடுக்காயும் பாலும் கலந்த தண்ணில நனைச்சு காய வைக்கணும், பால் இல்லாட்டி மை பரவிடும். கருப்பு மை எப்படி பண்றாங்கன்னு தெரியுமா, துருப்பிடிச்ச இரும்பையும் வெல்லத்தையும் தண்ணில போட்டு வாரக்கணக்குல ஊற வைப்பாங்க. மூங்கில் குச்சி நுனில கம்பளி நூல் சுத்தி அதை நனைச்சு, விரலால லேசா அமுக்கி மை இறக்கி கோடு போடணும். போடும்போது கோடு வெளிறிப் போய்தான் தெரியும், துணில இருக்கற கடுக்காய் மேல இரும்பு பட்டு கண்ணு முன்னாடியே கருக்கும். முதல் தடவை அதைப் பாத்தப்போ பக்கத்துல இருந்த ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர் ஒருத்தர் சின்னப்பிள்ளை கணக்கா கத்தினார். அழிக்க ரப்பர் கிடையாது, கண்ட்ரோல் இசட் கிடையாது. அக்கவுண்ட்ஸ் ஆளுக்கு பிடிக்கும்னு தோணுது, இல்ல சுத்தமா பிடிக்காம போகும்.

காசுபோனவன்

எல்லாரும் நல்லது மட்டும் சொல்றீங்க, நான் வயிறெரிஞ்சத சொல்றேன். மலைல ஒரு ரிசார்ட், பேர் வேண்டாம், "யோகா ப்ளஸ் ஆர்ட்" பேக்கேஜ். ரெண்டும் சேந்து கிடைக்குதேன்னு நானும் நண்பனும் ஆசைப்பட்டு போனோம். காலைல புல்தரைல முக்கால் மணி நேரம் யோகா, சொல்லிக்குடுத்த பையன் மத்தியானம் அதே ரிசார்ட்ல ரிசப்ஷன்ல நின்னான். ஆர்ட்னா ஏற்கனவே கோடு போட்ட கேன்வாஸ், எந்த இடத்துக்கு எந்த கலர்னு நம்பர் போட்டது. முடிஞ்சதும் அதைப் பிடிச்சுக்கிட்டு போட்டோ. இருபத்தி சொச்சம் பேருக்கு ஒரு டீச்சர். காசு திருப்பி கேட்டா அடுத்த தடவைக்கு தள்ளுபடி கூப்பன் தர்றேங்கறான்.

அதனால லெட்ஜர்ராணி, எங்க போனாலும் போன் போட்டு நேரா கேளுங்க. சொல்லித்தர்றவர் யாரு, எங்க கத்துக்கிட்டார், ஒரு பேட்ச்ல எத்தனை பேர், ஆளுக்கு ஒரு வீலா இல்ல மாத்தி மாத்தியா, சூளைக்கும் கூரியருக்கும் தனியா காசா, வரமுடியலைன்னா எவ்வளவு திரும்ப வரும். வாட்ஸ்அப்ல எழுதி வாங்கிக்கங்க. அப்புறம் யோகால 200 மணி நேரம்னு போட்டிருந்தா அது டீச்சர் ட்ரெயினிங், ஓய்வு கிடையாது, பரிட்சையெல்லாம் உண்டு, தெரியாம அதுல சேர்ந்தவங்க இருக்காங்க.

களிமண்கை

+1. "எல்லாம் ஒரே பேக்கேஜ்ல"ன்னு சொன்னாலே எனக்கு அலர்ஜி.

ஐடிஅடிமை

நத்தம்ரோடு சார் பாயிண்ட்ல எனக்கு உடன்பாடில்ல. நாள் பூரா அடுத்தவன் சொன்னதை செய்யறதுதான் எங்க வேலையே, டிக்கெட் வரும், முடிப்போம், அடுத்த டிக்கெட் வரும். லீவுலயும் மணி அடிச்சா எழுந்து போகணுமா? நான் ஆசிரமத்துக்குப் போய் மூணாவது நாள் கடுப்பாயிட்டேன், காய் நறுக்கற வேலைல கூட ஒரு அக்கா வந்து "இன்னும் சின்னதா"ன்னாங்க, எனக்கு எங்க டீம் லீட் ஞாபகம் வந்துட்டார். அதே ஒரு ஸ்கெட்ச்சிங் கேம்ப்ல, என்ன வரையணும்னே சொல்லாம மாமல்லபுரத்துல கொண்டுபோய் விட்டுட்டாங்க, முதல் ஒரு மணி நேரம் பைத்தியம் பிடிச்சிடுச்சு, அப்புறம் அர்ஜுனன் தபசுல அந்த தவம் பண்ற பூனையை மட்டும் மதியம் வரைக்கும் வரைஞ்சேன். நல்லா வரல. ஆனா என் இஷ்டத்துக்கு ஒரு பூனை.

நத்தம்ரோடு

இதுல சண்டை ஒண்ணுமில்ல தம்பி. உனக்கு அடுத்தவன் முடிவு பண்ணி பண்ணி அலுத்துடுச்சு. வீட்ல மூணு வேளை என்ன சமைக்கறதுல இருந்து பிள்ளை ஃபீஸ் வரைக்கும் நாமே முடிவு பண்றவங்களுக்கு மணி அடிக்கறது வரம். அவங்க எந்தப் பக்கம்னு அவங்கதான் சொல்லணும்.

மருமகள்எண்2

பொம்பளைங்க ரெண்டு பக்கமும் இருப்போம் சார். ஆபீஸ்ல சொன்னதை செய்யணும், வீட்ல முடிவு பண்ணணும்.

லெட்ஜர்ராணி

இதை ஆபீஸ்ல படிச்சிட்டு வாய்விட்டு சிரிச்சிட்டேன், பக்கத்து சீட் எட்டிப் பாத்தாச்சு.

நேத்து ராத்திரி உக்காந்து யோசிச்சேன். எனக்கு முடிவு எடுக்கறது அலுப்பா இருக்கான்னா, இருக்கு, ஆனா அதைவிட அலுப்பு என்னன்னா வருஷம் பூரா செஞ்ச வேலை எதையும் கையால தொட முடியாது. ஃபைல் பண்ணினா ஒரு அக்னாலெட்ஜ்மெண்ட் நம்பர் வரும், அதோட சரி. அடுத்த மாசம் திரும்ப அதே படிவம். கோணலா வந்தாலும் பரவால்ல, வச்சு தண்ணி ஊத்திப் பாக்க ஒரு சாமான் வேணும்னு தோணுது.

அதனால பாட்டரிதான். ஆனா நவம்பர் இல்ல. டிசம்பர் 31 வருடாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன் முடிஞ்சு, பொங்கல் கழிச்சு ஜனவரி கடைசி, மார்ச் இயர் எண்டுக்கு முன்னாடி அந்த கேப்ல. மேனேஜர்கிட்ட லீவை தள்ளிக் கேட்டேன், முகம் போன போக்கைப் பாத்தா அவருக்கே நவம்பர்ல என்னை லீவுல அனுப்ப இஷ்டமில்ல போலருக்கு, உடனே சரின்னுட்டார். அந்த பாண்டி ஆளுங்களுக்கு போன் போட்டு காசுபோனவன் குடுத்த கேள்வி எல்லாத்தையும் வரிசையா கேட்டேன், ஆறு பேர் பேட்ச், ஆளுக்கு ஒரு வீல், பாதி நேரம் மேசைல கையால பண்றதாவும் வச்சுக்கலாம்னாங்க. சூளைக்கு காசு உள்ள அடக்கம், கூரியர் தனி.

பிசியோ மேடம், அதுக்குள்ள கழுத்தை ஒரு டாக்டர்கிட்ட காட்டிடறேன். ரெண்டு தெரு தள்ளி ஒரு அம்மா வீட்டு மாடில சின்னதா யோகா கிளாஸ் எடுக்கறாங்க, சனி ஞாயிறு போய்ப் பாக்கப் போறேன், ஹலாசனம் இல்லாம.

மாமியார்கிட்ட இன்னும் சொல்லல.

மருமகள்எண்2

ஜனவரிக்கு நாள் இருக்கு, பொறுமையா சொல்லுங்க. லீவு முடிவானதை மட்டும் முதல்ல சொல்லுங்க, எங்கங்கறது அப்புறம்.

பிசியோதிருச்சி

நல்லது. கேம்ப்ல அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்க, டீச்சர் முறைச்சாலும். ஸ்டூலை வீலை விட கொஞ்சம் உயரமா போட்டு குடுக்கச் சொல்லுங்க, முன்னாடி ஒரு கண்ணாடி வச்சா பானை பக்கவாட்டு உருவம் அதுலயே தெரியும், எட்டிக் குனிய வேண்டாம்.

களிமண்கை

கண்ணாடி ஐடியா சூப்பர், நாங்களும் வைப்போம். லெட்ஜர்ராணி, பழைய காட்டன் புடவை கிழிச்சு துண்டு நாலஞ்சு எடுத்துட்டுப் போங்க, கை துடைக்க. வெளுப்பு துணி எதுவும் போடாதீங்க. மோதிரத்தை வீட்லயே கழட்டி வச்சிடுங்க. முதல்ல வர்ற பாத்திரம் எல்லாத்தையும் காப்பாத்தணும்னு நினைக்காதீங்க, டீச்சர் கம்பியை வச்சு குறுக்க வெட்டி சுவரு எவ்வளவு தடிமன்னு காட்டுவார், அழக்கூடாது.

வெட்டிப்பையன்

நான் நத்தம் ரோடு போலாம்னு இருக்கேன், நெசமா. ஆம்பளைங்களுக்கு டார்மிட்டரி தனியா இருக்கா? அப்புறம் இந்த காபி, பையில கொஞ்சம் இன்ஸ்டன்ட் வச்சுக்கிட்டா தெரியுமா?

நத்தம்ரோடு

தனித்தனிதான் தம்பி. கொசுவலை, போர்வை, டார்ச் எடுத்துட்டுப் போ, மதுரைல மாட்டுத்தாவணில இறங்கி நத்தம் பஸ் எங்க நிக்கும்னு கேளு. காபிப் பொடியை வீட்லயே வச்சிட்டுப் போ, அஞ்சரை மணிக்கு சுடுதண்ணிக்கு யார்கிட்ட போய் நிப்ப?